மூன்று தலைமுறையும் சேர்ந்து பார்க்க ஒரு கார்ப் பயணப் படம்: 'பிகு'

கேட்கப்பட்டது இதுதான்: வயதான அப்பா அம்மா, நடு வயதில் இருக்கும் நாம், கல்லூரி போகும் பிள்ளைகள் என்று எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு குடும்பம் எங்கோ பயணம் போகிற கதையாக இருக்க வேண்டும், சிரிப்பு வர வேண்டும். பத்துப் படங்களின் பட்டியல் வேண்டாம், ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

ஒன்றுதான் என்றால் என் பதில் 'பிகு'. 2015 மே மாதம் வெளிவந்த இந்திப் படம். எழுதியவர் ஜூஹி சதுர்வேதி, இயக்கியவர் ஷூஜித் சர்க்கார். அமிதாப் பச்சன் அப்பா, தீபிகா படுகோன் மகள், இர்ஃபான் கான் வாடகைக் கார் நிறுவனம் நடத்துபவர். தில்லியிலிருந்து கொல்கத்தாவுக்கு ஒரு கார் போகிறது. இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடும். சண்டைக் காட்சி, துரத்தல், ஆள் கடத்தல் எதுவும் இல்லை. ஒரு கிழவருக்குக் காலையில் வயிறு சரியாகப் போகவில்லை என்பதுதான் முழுப் படத்தின் சிக்கலும்.

பெயரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பிகு என்பது வங்காளி வீட்டில் மகளைக் கூப்பிடும் செல்லப் பெயர். நாம் 'ரொம்பத்தான் பிகு பண்ணுகிறாள்' என்று சொல்வதற்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ஆனாலும் தமிழில் அந்தச் சொல் தெரிந்தவர்களுக்குப் படம் முழுக்க அது காதில் ஒலித்துக்கொண்டே இருக்கும், பொருத்தமாகவும் இருக்கும். அந்தப் பெண் யாருக்கும் எளிதில் இறங்கி வர மாட்டாள். காரில் ஏறினால் ஓட்டுநருக்கு உத்தரவு, அலுவலகத்தில் விறைப்பு, வீட்டில் கத்தல். அவளுடைய தொல்லை தாங்காமல் ஓட்டுநர்கள் காரைக் கொண்டுபோய் இடித்துவிடுகிறார்கள். அவள் ஏன் இப்படி ஆனாள் என்பது அவளுடைய அப்பாவைப் பார்த்த பத்தாவது நிமிடத்தில் புரிந்துவிடும்.

அப்பா பாஸ்கோர் பானர்ஜிக்கு எழுபது வயது. மனைவி இல்லை. உடம்பில் பெரிய நோய் எதுவும் இல்லை. ஆனால் இருக்கிறது என்று அவர் உறுதியாக நம்புகிறார். மருத்துவப் பரிசோதனை முடிவு நன்றாக வந்தால் அவருக்கு ஏமாற்றம். ஹோமியோபதி மாத்திரை, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, அக்கம்பக்கத்து மருத்துவர், எந்நேரமும் கூடவே இருக்கும் வேலையாள் புதன் என்று ஒரு சிறிய மருத்துவமனையே அந்த வீட்டுக்குள் நடக்கிறது. எல்லாவற்றுக்கும் நடுநாயகமாக மலச்சிக்கல். இன்று போயிற்றா, எவ்வளவு போயிற்று, என்ன நிறம், கெட்டியா தளர்வா என்பதை அவர் சாப்பாட்டு மேசையிலும் பேசுவார், மகள் வேலையில் இருக்கும்போதும் தொலைபேசியில் சொல்லி அனுப்புவார். அவள் ஒருவரோடு வெளியே சாப்பிடப் போயிருக்கும் மாலையிலும் இந்தப் பேச்சு துரத்திக்கொண்டு வரும். எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

இதைக் கேட்டதும் 'இதையா குடும்பத்தோடு பார்ப்பது' என்று தோன்றலாம். நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணமே இதுதான். வயதானவர்கள் இருக்கும் எந்த வீட்டிலும் இந்தப் பேச்சு நடக்கிறது. காலையில் கழிவறைக் கதவுக்கு வெளியே ஒருவர் காத்திருப்பார், உள்ளே இருப்பவர் வெளியே வந்ததும் முகத்தைப் பார்த்தே நாள் எப்படிப் போகும் என்று கணிப்பார். வாழைப்பழம், வெந்நீர், விளக்கெண்ணெய், கடுக்காய் என்று ஆளாளுக்கு ஒரு வைத்தியம் இருக்கும். 'காலைக் கடன்' என்று நம் மொழி அதற்கு எவ்வளவு கண்ணியமான பெயர் வைத்திருக்கிறது பாருங்கள். கடன் தீராவிட்டால் நாளே ஓடாது. ஆனால் விருந்தாளி வந்துவிட்டால் எல்லோரும் இதை மறைத்துவிடுவோம், சினிமாவும் மறைத்துவிடும், அல்லது கொச்சையான ஒரு சிரிப்பாக ஆக்கிவிடும். 'பிகு' மறைக்கவும் இல்லை, கொச்சையாக்கவும் இல்லை. ஒரு வீட்டில் தினமும் நடக்கும் பேச்சு எப்படி இருக்குமோ அப்படியே திரையில் வைக்கிறது. முதல் பத்து நிமிடம் கூடத்தில் கொஞ்சம் சங்கடம் இருக்கும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். அப்புறம் யாராவது ஒருவர் அடக்க முடியாமல் சிரிப்பார். பெரும்பாலும் அது அந்த வீட்டின் மிக வயதான ஆளாகத்தான் இருக்கும்.

எங்கள் வீட்டில் என் அப்பாதான் முதலில் சிரித்தார். அவருக்கு அப்போது எழுபத்தைந்து தாண்டியிருந்தது. சினிமா பார்த்துச் சிரிக்கிற மனிதர் இல்லை. பாஸ்கோர் தன் மலத்தை ஏதோ விஞ்ஞான ஆராய்ச்சி போல விவரிக்கும் இடத்தில் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அம்மா 'உங்களைப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள்' என்றார். அதற்கும் சிரித்தார். அன்று வரை அந்த விஷயத்தை எங்கள் யாரிடமும் சொல்லாமல் மருந்துக் கடையில் தானாகவே ஏதேதோ வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், அடுத்த வாரம் என்னிடம் வந்து, ஒரு டாக்டரிடம் போகலாமா என்று கேட்டார்.

சரி, பயணத்துக்கு வருவோம்.

பூர்வீக வீடு வட கொல்கத்தாவில் இருக்கிறது. அதில் பாஸ்கோரின் தம்பி குடும்பம் இருக்கிறது. அதை விற்றுவிடலாமா என்ற யோசனை மகளுக்கு. ஊருக்குப் போக வேண்டும், விமானத்தில் வர அப்பா ஒப்புக்கொள்ளவில்லை, காரில்தான் வருவேன் என்கிறார். வாடகைக் கார் நிறுவனத்தில் இந்த அப்பா மகளை ஏற்றிக்கொண்டு போக எந்த ஓட்டுநரும் தயாராக இல்லை. கடைசியில் உரிமையாளர் ராணா சௌத்ரியே ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். காரின் கூரையில் ஒரு கமோடு நாற்காலி கட்டப்படுகிறது. வழியில் எங்கே வந்தாலும் அப்பாவுக்கு வசதியாக இருக்க வேண்டுமே. தேசிய நெடுஞ்சாலையில் கூரை மேல் அந்த நாற்காலியைச் சுமந்துகொண்டு ஓடும் காரைத் தூரத்திலிருந்து காட்டும் காட்சி ஒன்றே போதும், இந்தப் படம் எப்படிப்பட்டது என்று சொல்ல.

தில்லியிலிருந்து கொல்கத்தாவுக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். பெரும்பகுதி பழைய கிராண்ட் ட்ரங்க் சாலையின் தடம். 16-ஆம் நூற்றாண்டில் ஷேர் ஷா சூரி சீர்படுத்திய சாலை. ஆக்ரா, கான்பூர், அலகாபாத், காசி என்று கங்கைச் சமவெளியில் கிழக்கு நோக்கியே போகும். காசி கிட்டத்தட்ட நடுவில் வருகிறது. படமும் அங்கேதான் இரவு தங்குகிறது. இதைக் கவனியுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பெரியவர்களுக்குக் காசி என்றால் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே போனால் பிடித்த காய் ஒன்றையும் பிடித்த பழம் ஒன்றையும் விட்டுவிட்டு வர வேண்டும் என்பார்கள். பற்று விடுகிற இடம், உயிர் விட்டால் நல்லது என்று சொல்லப்படும் இடம். அந்த ஊருக்குள் வந்து இறங்குகிறார் நம் பாஸ்கோர். சின்ன ஏப்பம் வந்தாலும் உயிர் போய்விடுமோ என்று அஞ்சுகிறவர், எதையும் விட மனமில்லாதவர், முக்கியமாகத் தன் மகளை. படம் இதை நின்று விளக்குவதில்லை. கங்கைக் கரையை அதன் போக்கில் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஆனால் உங்கள் கூடத்தில் இருக்கும் வயதானவர்களுக்கு அது புரியும்.

பயணப் படங்களில் வழக்கமாக ஒரு வசதி இருக்கும். போகும் வழியில் விதவிதமான ஆட்கள் வருவார்கள், விதவிதமான ஆபத்துகள் வரும், கதை தானாக நகரும். ஜூஹி சதுர்வேதி அந்த வசதியைக் கிட்டத்தட்டப் பயன்படுத்தவே இல்லை. வெளியிலிருந்து யாரும் வந்து கதையைத் தள்ளுவதில்லை. காருக்குள் அப்பா, மகள், ராணா, வேலையாள் புதன் என்று நான்கு பேர், அவ்வளவுதான். வீட்டில் சண்டை வந்தால் ஒருவர் மாடிக்குப் போகலாம், ஒருவர் கடைக்குப் போகலாம். காரில் எங்கே போவது? கோபத்தோடும் அதே இருக்கையில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். கோபம் ஆறுவதற்குள் ஒரு தேநீர்க் கடை வந்துவிடும், இறங்கித்தான் ஆக வேண்டும், இறங்கினால் பேசித்தான் ஆக வேண்டும். குடும்பத்தோடு நீண்ட தூரம் காரில் போன எவருக்கும் இது தெரிந்ததுதான். வீட்டில் பத்து வருடமாகப் பேசாத விஷயம் ஏதாவது ஒரு சுங்கச்சாவடிக்கும் அடுத்த சுங்கச்சாவடிக்கும் நடுவில் வெளியே வந்துவிடும். கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேச முடிவதால் முகம் பார்க்க வேண்டிய கூச்சம் இல்லை என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இந்தப் படத்தில் வெளியே வரும் விஷயம், அப்பா மகளை விட மாட்டேன் என்கிறார் என்பது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படம் பார்த்த பலர் பாஸ்கோரை 'குழந்தை மாதிரி ஒரு அப்பா' என்று கொஞ்சிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் சுயநலக்காரர். படத்துக்கும் அது தெரியும். பெண்கள் கல்யாணம் செய்துகொண்டு தங்கள் வாழ்க்கையைக் கணவனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள், அது முட்டாள்தனம் என்று அவர் பேசுகிறார். தன் மனைவியே தனக்காக அப்படி வாழ்ந்தவள் என்று குறை சொல்கிறார். கேட்பதற்கு மிக முற்போக்காக இருக்கும். ஆனால் அதே மனிதர் தன் மகள் எங்கும் போகாமல் தன் மாத்திரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு தன் பின்னாலேயே வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். கொள்கை உண்மையானதுதான், சுயநலமும் உண்மையானதுதான். இரண்டையும் ஒரே ஆளுக்குள் வைத்து எழுதியிருப்பதுதான் அந்தப் பாத்திரத்தின் அழகு. நம் வீட்டுப் பெரியவர்களும் பலர் இப்படித்தான். அவர்கள் சொல்வது சரி, சொல்லும் காரணம் வேறு.

மகளும் தியாகச் செம்மல் கிடையாது. அப்பாவை ஒரு நாளைக்கு நூறு தடவை திட்டுகிறாள். சலித்துக்கொள்கிறாள், கதவை அடித்துச் சாத்துகிறாள். வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் மகள் என்றால் நம் திரையில் கண்ணீரும் பொறுமையுமாக ஒரு பெண் வருவாள். இவள் பொறுமை இழந்த பெண், ஆனால் விட்டுப் போகாதவள். வழியில் ராணா அவளிடம் இதைப் பற்றிக் கேட்கும்போது அவள் சொல்லும் பதில் படத்தின் உயிர். ஒரு வயதுக்கு மேல் பெற்றோர் தாமாக உயிரோடு இருப்பதில்லை, அவர்களை உயிரோடு வைத்திருக்க வேண்டியிருக்கிறது, அது பிள்ளைகளின் வேலை என்ற பொருளில் பேசுவாள். அழாமல் சொல்வாள், ஏதோ மின்கட்டணம் கட்ட வேண்டும் என்பது போல. தீபிகா படுகோனின் பெரிய படங்கள் பலவற்றில் அவர் அணிந்த நகையும் உடையும்தான் என் நினைவில் நின்றன. இதில் கண் மையும் ஒரு சாதாரணக் குர்தாவும் சிடுசிடுப்பும் மட்டும்தான். அவர் நடித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. அந்த ஆண்டின் ஃபிலிம்ஃபேர் சிறந்த நடிகை விருதும் இதற்குத்தான் கிடைத்தது.

இப்போது இர்ஃபான். அவரைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்த முடியாது, அதனால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ராணா வெளியாள். இந்தக் குடும்பம் பைத்தியக்காரத்தனமாக நடந்துகொள்ளும் ஒவ்வொரு நேரத்திலும் நாம் என்ன நினைக்கிறோமோ அது அவர் முகத்தில் ஓடும். அப்பாவும் மகளும் கத்திக்கொண்டு வருகிறார்கள், இவர் சாலையைப் பார்த்து ஓட்டுகிறார், கண் மட்டும் ஒரு நொடி கண்ணாடிக்குப் போய்த் திரும்புகிறது. வசனமே இல்லை. அந்த ஒரு நொடிக்கு எங்கள் கூடத்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அவர் வீட்டிலும் ஒரு அம்மா இருக்கிறார், ஒரு சகோதரி இருக்கிறாள், அங்கேயும் நிம்மதி இல்லை என்பதால் அவரும் அந்தக் காரில் இருப்பதற்குப் பொருத்தமான ஆள்தான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு கட்டத்தில் அந்தக் கிழவரிடம் யாரும் சொல்லாததை நேருக்கு நேர் சொல்கிறார். ஒரு வெளியாள் சொன்னால்தான் சில அப்பாக்களுக்கு ஏறும். 2020 ஏப்ரல் 29-ஆம் தேதி, 53 வயதில் இர்ஃபான் போய்விட்டார். அதற்குப் பிறகு இந்தப் படத்தைப் பார்க்கும்போது அந்தக் கண்ணாடிப் பார்வைக்குச் சிரித்துவிட்டு உடனே மனம் கொஞ்சம் கனக்கிறது.

ராணாவும் காதலிக்கிறாரா, அவளும் விரும்புகிறாளா என்ற கேள்வியைப் பிள்ளைகள் கேட்பார்கள். படம் அதை அவசரப்படுத்தாது. இருவரும் கைகோத்து ஆடும் பாட்டு எதுவும் வராது. அனுபம் ராயின் இசையில் பாட்டுகள் பயணத்தோடு ஓடிக்கொண்டே இருக்கும், நடுவில் சரோட் என்ற தந்தி வாத்தியம் வரும் இடங்கள் மிக அழகு. கொல்கத்தாவின் பழைய தெருக்களில் இரண்டு பேரும் நடந்து போகிறார்கள், பூர்வீக வீட்டை விற்பது பற்றிப் பேசுகிறார்கள். காதல் என்று எடுத்துக்கொண்டால் அதுதான் காதல்.

பூர்வீக வீடு என்ற விஷயம் வரும்போது உங்கள் கூடத்தில் பேச்சு எழும் என்று எதிர்பாருங்கள். யாரும் வசிக்காத அல்லது ஒரு கிளை மட்டும் வசிக்கும் ஒரு வீடு, அதை என்ன செய்வது என்று முடிவெடுக்காத ஒரு தலைமுறை. இது இல்லாத குடும்பம் குறைவு. படம் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்பது உண்மை. வேரைப் பிடுங்கிவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது என்ற பக்கம். பராமரிப்புச் செலவு கட்டிப் பார்த்தவர்களுக்கு அவ்வளவு எளிதாக அது ஒப்பாது. எனக்கும் அந்த இடத்தில் எழுத்து கொஞ்சம் செல்லமாகிவிட்டதாகத்தான் தோன்றியது.

ஒரு மருத்துவச் செய்தியையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் படம் பார்த்ததும் யாராவது கேட்பார்கள். ராணா ஒரு காகிதத்தில் படம் வரைந்து, குந்தி உட்கார்ந்தால்தான் சுலபமாகப் போகும் என்று பாஸ்கோருக்கு விளக்குவார். அது வேடிக்கைக்காகச் சேர்த்த கதை கிடையாது. நாற்காலியில் உட்காருவது போல உட்காரும்போது குடலின் கடைசிப் பகுதியை ஒரு தசைப் பட்டை வளைத்துப் பிடித்திருக்கும். குந்தும்போது அந்தப் பிடி தளர்ந்து, பாதை நேராகும், முக்க வேண்டிய தேவை குறையும். முழங்கால் வலியால் குந்த முடியாத பெரியவர்கள் கமோடில் உட்கார்ந்தபடியே காலுக்குக் கீழே ஒரு சிறிய மணைப்பலகை வைத்துக்கொண்டால் ஓரளவு அதே பலன் கிடைக்கும். எங்கள் வீட்டில் அந்தப் பலகை வந்தது இந்தப் படத்துக்குப் பிறகுதான். நாள்பட்ட தொல்லை என்றால், அல்லது ரத்தம் தெரிந்தால், பலகையை நம்பி இருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

யாரோடு பார்க்கலாம், யாரோடு வேண்டாம் என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு இது ஏற்றதல்ல. கெட்டது எதுவும் இருக்கிறது என்பதால் அல்ல, அவர்களுக்கு அலுப்பாக இருக்கும் என்பதால். பேச்சு, பேச்சு, மேலும் பேச்சு. பதின்மூன்று பதினான்கு வயதிலிருந்து ரசிப்பார்கள். ஒரு விருந்தில் பாஸ்கோர், தன் மகளுக்கு ஆண்களோடு பழக்கம் உண்டு, அவள் கன்னி இல்லை என்று முன்பின் தெரியாத ஓர் இளைஞரிடம் பட்டென்று சொல்லிவிடுவார். மகளை யாரும் கட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்ற பயத்தில் சொல்வது. தாத்தா பாட்டி நடுவில் உட்கார்ந்திருக்கும்போது அது வந்தால் ஒரு கனமான அமைதி விழலாம். முன்கூட்டியே தெரிந்திருந்தால் நீங்கள் அசராமல் இருப்பீர்கள். எங்கள் வீட்டில் அம்மா, 'இப்படி ஒரு அப்பன்' என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து பார்த்தார், அதோடு முடிந்தது. பாஸ்கோர் குடித்துவிட்டு ஆடும் ஒரு காட்சியும் இருக்கிறது, அதில் விரசம் இல்லை.

இன்னொரு எச்சரிக்கை இதைவிட முக்கியம். அண்மையில் வீட்டில் ஒரு பெரியவரைப் பறிகொடுத்திருந்தால் இந்தப் படத்தைச் சில மாதம் தள்ளிப் போடுங்கள். கதை எங்கே போய் முடிகிறது என்று நான் சொல்லப் போவதில்லை. கொல்கத்தா வந்த பிறகு பாஸ்கோர் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு, தான் வாழ்ந்த நகரத்தைச் சுற்றப் போகிறார். வழியில் கச்சோரி சாப்பிடுகிறார். வீட்டில் எல்லோரும் தேடித் தவிக்கிறார்கள். அவர் மிதித்துக்கொண்டு போகும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே இந்தப் படத்தை நான் மறுபடி மறுபடி பார்க்கிறேன். தனக்குத் தடை செய்யப்பட்ட எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட்டு வீடு திரும்பும் கிழவர், பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு வந்த பையன் மாதிரி நிற்பார். அதற்குப் பிறகு வருவதைக் கொஞ்சம் கனமாகவும் எடுத்துக்கொள்ளலாம், ஆறுதலாகவும் எடுத்துக்கொள்ளலாம். என் அம்மாவுக்கு ஆறுதலாக இருந்தது.

மொழி ஒரு தடைதான், மறைக்க மாட்டேன். வசனம் இந்தி, நடுநடுவே வங்காளமும் ஆங்கிலமும். எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் பேசுவார்கள், துணைத் தலைப்பு வேகமாக ஓடும். படிக்க முடியாத பெரியவர்களுக்காக நாங்கள் ஒரு ஏற்பாடு செய்தோம். பக்கத்தில் உட்கார்ந்த பேத்தி முக்கியமான வரியை மட்டும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்க்கப் போனால் இருவருக்கும் படம் போய்விடும். அப்பா கத்துகிறார், மகள் திருப்பிக் கத்துகிறாள், ஓட்டுநர் தலையில் அடித்துக்கொள்கிறார் என்பதெல்லாம் மொழி இல்லாமலே புரியும். பேத்தி சொன்னதைவிட நல்ல வசனங்களை என் அம்மா தானாகவே நிரப்பிக்கொண்டார்.

தமிழ்க்காரர்களுக்கு இந்தப் படத்தோடு சுற்றி வளைத்து ஒரு சொந்தம் உண்டு. 1966-இல் 'மெட்ராஸ் டு பாண்டிச்சேரி' வந்தது. ரவிச்சந்திரன், கல்பனா, நாகேஷ் நடித்த பேருந்துப் பயண நகைச்சுவை. அதைத்தான் 1972-இல் இந்தியில் 'பாம்பே டு கோவா' என்று எடுத்தார்கள். அதில் கதாநாயகன் அப்போது பெயர் பெறாத, ஒல்லியும் உயரமுமான அமிதாப் பச்சன். நாற்பத்து மூன்று வருடம் கழித்து அதே மனிதர் தொந்தியும் கம்பளிக் குல்லாயும் மலச்சிக்கலுமாக இன்னொரு பயணப் படத்தில் வருகிறார். அதற்காக அவருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது நான்காவது முறையாகக் கிடைத்தது. திரைக்கதைக்கும் வசனத்துக்கும் ஜூஹி சதுர்வேதிக்கும் தேசிய விருது உண்டு. 1971-இல் வந்த 'ஆனந்த்' படத்தில் அமிதாப் நடித்த மருத்துவரின் பெயரும் பாஸ்கர் பானர்ஜிதான், அதன் வங்காள உச்சரிப்புதான் பாஸ்கோர். வீட்டில் 'ஆனந்த்' பார்த்த தலைமுறை இருந்தால் அந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். நோயாளிகளைப் பார்த்துக் கவலைப்பட்ட அந்த இளம் மருத்துவர், வயதானதும் தன்னையே நோயாளியாக்கிக்கொண்டார் என்று என் அம்மா சொன்னார்.

வேறு படங்களை ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். 2006-இல் வந்த அமெரிக்கப் படம் 'லிட்டில் மிஸ் சன்ஷைன்' நினைவுக்கு வராமல் இல்லை. கிளட்ச் போன மஞ்சள் வேனை எல்லோரும் சேர்ந்து தள்ளிவிட்டு, அது ஓடும்போதே தாவி ஏறும் அந்தக் குடும்பத்தை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதில் தாத்தா பேசும் வார்த்தைகளும் போதைப் பழக்கமும் மூன்று தலைமுறைக் கூடத்துக்கு ஒத்துவராது. பெரிய பிள்ளைகளோடு தனியாகப் பாருங்கள். கூடத்தில் எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் இருந்தால் 'பிகு'வை ஒதுக்கிவிட்டு 2021-இல் வந்த 'தி மிட்செல்ஸ் வெர்சஸ் தி மெஷின்ஸ்' என்ற அனிமேஷன் படத்தைப் போடுங்கள். சினிமா படிக்கப் போகும் மகளைக் கல்லூரியில் விட மொத்தக் குடும்பமும் பழைய காரில் கிளம்புகிறது, நடுவில் எந்திரங்கள் உலகத்தைப் பிடித்துவிடுகின்றன. அங்கேயும் சிக்கல் அப்பாவுக்கும் மகளுக்கும்தான்.

எப்போது போடுவது என்பதற்கும் ஒரு வார்த்தை. சாப்பிட்டுக்கொண்டே பார்க்கும் வழக்கம் இருந்தால் இந்தப் படத்துக்கு மட்டும் அதை விட்டுவிடுங்கள். பாஸ்கோர் தரும் உவமைகளில் பழக்கூழ் வகையறாக்கள் எல்லாம் வரும், தட்டில் இருப்பது இறங்காது. இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, பெரியவர்களுக்கு முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்து, ஒன்பது மணிக்குள் தொடங்கிவிட்டால் பதினொன்றே காலுக்குள் முடிந்துவிடும். நடுவில் யாராவது கழிவறைக்கு எழுந்து போவார்கள், அப்போது நிறுத்தி வையுங்கள். கூடத்தில் இருக்கும் மற்றவர்கள் அதற்கும் சிரிப்பார்கள்.